முள் உரைக்கும் செய்தி: மோட்டார் வண்டியின் சுழற்சிமானிப் பிழையை ஆராயும் முறை

ஏரிகளும் நெல் வயல்களும் நிறைந்த திருவள்ளூர் வட்டாரம் மோட்டார் வண்டித் தொழிலுக்கும் உரிய இடமாகிப் பல ஆண்டுகள் ஆயின. 1948ஆம் ஆண்டில் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் நிறுவனம், அதன் கிழக்கே கடலோரத்திலுள்ள எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி வெளியிட்டது. அதுவே 1955இல் அசோக் லேலண்டு எனப் பெயர் பூண்டு லாரிகளுக்கும் பஸ்களுக்கும் புகழ் பெற்றது. 1998ஆம் ஆண்டில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸார், ஜப்பான் தேசத்து மிட்சுபிஷி கம்பெனியாரின் துணைகொண்டு, திருவள்ளூரை அடுத்த தம் ஆலையிலிருந்து லான்சர் என்னும் காரை வெளிக்கொணர்ந்தனர். 2021 முதல் பிரெஞ்சு நாட்டுச் சிட்ரோயன் கார்களும் திருவள்ளூரிலிருந்து வெளிவரலாயின. சென்னையிலிருந்து கல்கத்தா செல்லும் பெருஞ்சாலையில் அமைந்த கும்மிடிப்பூண்டியிலோ, சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலைகளை நாடி நாள்தோறும் வண்டிகள் வரிசையாக ஓடுகின்றன.

இத்தகைய நாட்டில் வாழும் நாம், வண்டியை ஓட்டுவதோடு அமையாது, அதன் உறுப்புகள் நமக்குச் சொல்லும் செய்திகளைப் படிக்கவும் கற்றல் நன்று. ஈண்டு நாம் எடுத்துக்கொண்டது மிகச் சிறியதொரு பொருள்: டாக்கோமீட்டர் என்னும் சுழற்சிமானியின் முள் பொய் கூறுமாயின், அப்பொய் எங்கே பிறந்தது என்று கண்டுபிடிப்பது எவ்வாறு என்பதே அது. பொருள் சிறிதாயினும், அதனை ஆராயும் வழி பெரியது. காரணம் அறியாது உறுப்பை மாற்றுகிறவன் பிறர் பணத்தை வீணாக்குகிறான். காரணம் அறிந்து மாற்றுகிறவனே தொழிலாளி எனப்படுவான்.

கருவியின் இயல்பு

மெக்கானிக்குகள் இதனை ஆர்.பி.எம். மீட்டர் என்றே வழங்குவர். வண்டியின் வேகத்தைக் காட்டும் ஸ்பீடோமீட்டர் வேறு, இது வேறு. என்ஜினின் கிராங்க் தண்டு ஒரு நிமிஷத்தில் எத்தனை முறை சுழல்கிறது என்பதையே இது காட்டும். வண்டி நின்றுகொண்டிருக்கையிலும் என்ஜின் ஓடுமாயின் இம்முள் எழுந்து நிற்கும். பெட்ரோல் கார் பலவற்றில் அவ்வமயம் எழுநூறு முதல் தொள்ளாயிரம் வரை காட்டுவது இயல்பு.

பழைய வண்டிகளில், என்ஜினோடு இணைந்து சுழலும் ஒரு கேபிள் மீட்டர் வரை சென்று, அங்கே ஒரு காந்தத்தைச் சுழற்றும். அக்காந்தம் தன்னைச் சூழ்ந்த உலோகக் கிண்ணத்தைத் தொடாமலே இழுக்க, கிண்ணத்தோடு பிணைந்த முள் நகரும். கேபிள் அறுந்தால் முள் விழும். அதனைக் கண்ணாலேயே காணலாம். பின்வந்த கார்களிலோ கேபிள் ஒழிந்து, மின்சாரத் துடிப்புகளே தூது செல்கின்றன. தூதன் கண்ணுக்குப் புலனாகாமையால் பிழையைத் தேடுவதும் அரிதாயிற்று.

சமிக்ஞை பிறக்கும் இடம்

நான்கு சிலிண்டர்களும் நான்கு வீச்சுகளும் உடைய பெட்ரோல் என்ஜினை எடுத்துக்கொள்வோம். கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் ஒவ்வொரு சிலிண்டரும் ஒருமுறை தீப்பொறி பெறும். ஆகவே இரண்டு சுற்றுக்கு நான்கு பொறி. ஒரு சுற்றுக்கு இரண்டு பொறி. நிமிஷத்துக்கு 750 சுற்று ஓடும்போது 1500 பொறிகள் தோன்றும். அஃதாவது விநாடிக்கு 25. நிமிஷத்துக்கு 3000 சுற்றாயின் விநாடிக்கு 100. இத்துடிப்புகளை எண்ணி முள்ளை நகர்த்துவதே சுழற்சிமானியின் தொழில்.

இத்துடிப்பு மீட்டரை வந்தடையும் வழிகள் மூன்று. முதலாவது, இக்னிஷன் காயிலின் எதிர்முனையிலிருந்து நேரே வருவது. காயிலில் ஓடும் மின்சாரம் திடீரென அறுபடும்போது, பேட்டரி கொடுப்பது 12 வோல்ட்டேயாயினும், அம்முனையில் கணநேரம் முந்நூறு வோல்ட்டுக்கும் மேற்பட்ட எழுச்சி தோன்றும். இரண்டாவது, ஈ.சி.எம். என்னும் கட்டுப்பாட்டுப் பெட்டி, கிராங்க் சென்சாரின் செய்தியைப் படித்து, ஒழுங்கான சதுரத் துடிப்புகளாக்கித் தனி ஒயரில் அனுப்புவது. மூன்றாவது, இக்காலத்து வண்டிகளிற் காண்பது: போஷ் கம்பெனியார் 1986இல் வெளியிட்ட கேன் என்னும் முறைப்படி, ஈரொயர்ப் பாதையில் சுழற்சி எண்ணும் பிற செய்திகளும் ஒன்றாகவே செல்வது. இதிற் சுழற்சிமானிக்கெனத் தனி ஒயர் கிடையாது. நம் கைக்கு வந்த வண்டி இம்மூன்றனுள் எவ்வகையது என்பதை அதன் ஒயரிங் படத்தைக் கொண்டு முதலில் துணிதல் வேண்டும்.

டீசல் என்ஜினில் தீப்பொறியே இல்லை. ஆதலின் அங்கே கிராங்க் சென்சாரினின்றோ, ஆல்டர்நேட்டரிலுள்ள ஒரு தனி முனையினின்றோ துடிப்பு எடுக்கப்படும். ஆல்டர்நேட்டரை நம்பிய வண்டியிற் பெல்ட் தளர்ந்து வழுக்கினால், என்ஜின் ஒழுங்காய் ஓடினும் முள் தாழும். புல்லியை வேறு அளவினதாக மாற்றினாலும் கணக்குத் தவறும்.

குறிகளும் அவற்றின் பொருளும்

சமிக்ஞையின் பாதையை நான்கு கட்டங்களாகக் கொள்ளலாம்: துடிப்புப் பிறக்கும் இடம், அதனை ஆக்கி அனுப்பும் பெட்டி, ஒயரும் கப்ளர்களும், இறுதியாக மீட்டர். இவற்றோடு மீட்டருக்கு உணவாகிய பேட்டரி மின்சாரமும் எர்த்தும் சேரும். கருவிகளைக் கையில் எடுப்பதற்கு முன்னரே, கண்ணும் காதும் கொண்டு எக்கட்டத்தில் ஐயம் கொள்வது என்பதைப் பெரும்பாலும் அறியலாம்.

முதலாவது கேள்வி: முள் விழும்போது என்ஜினும் தடுமாறுகின்றதா? என்ஜின் சீராக ஓட, முள் மட்டும் விழுமாயின், சுழற்சி உண்டு, செய்திதான் இல்லை. பிழை பெரும்பாலும் ஒயரிலோ மீட்டரிலோ இருக்கும். முள்ளும் விழுந்து என்ஜினும் குலுங்கி நின்றுவிடுமாயின், செய்தி மெய், பிறப்பிடத்திலேயே குறை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது பெருந்தவறு. முன்னது தொல்லை, பின்னது ஆபத்து. கிராங்க் சென்சார்களிற் சில சூடேறியபின் செயலற்று, ஆறியபின் மீண்டும் உயிர் பெறும். பெருஞ்சாலையில் லாரிகளுக்கு இடையே ஓடும் கார் இக்காரணத்தால் திடீரென நிற்குமாயின் விளைவை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அவ்வாறு நின்ற வண்டியை மீண்டும் ஸ்டார்ட் செய்ய முயலும்போது முள்ளை நோக்குக. ஸ்டார்ட்டர் சுழற்றுகையில் முள் சிறிதேனும் எழுமாயின் சென்சார் பேசுகிறது என்று கொள்ளலாம். சற்றும் அசையாதாயின் அதன்மேல் ஐயம் கொள்க. எல்லா வண்டிகளிலும் இக்குறி தெளிவாகத் தோன்றாதாகலின், இதனைச் சான்றுகளுள் ஒன்றாகவே கொள்ளல் வேண்டும்.

இரண்டாவது கேள்வி: சுழற்சிமானி மட்டும் செத்ததா, அயலிலுள்ள எரிபொருள் முள்ளும் வெப்ப முள்ளும் உடன் விழுந்தனவா? எல்லாம் ஒருங்கே விழுந்தால் ஃப்யூஸையும் எர்த்தையும் முதலிற் பார்க்க.

மூன்றாவது கேள்வி: பிழை ஓர் ஒழுங்குடையதா? 3000 காட்டவேண்டிய முள் எப்போதும் 1500 காட்டி, 2000 காட்டவேண்டிய இடத்தில் 1000 காட்டுமாயின், அது உறுப்புக் கெட்டதனால் அன்று. துடிப்புகளிற் பாதியே எண்ணப்படுகின்றது. இரண்டிரண்டு சிலிண்டர்களுக்கு ஒரு காயில் அமைந்த என்ஜினில், ஒவ்வொரு காயிலும் சுற்றுக்கு ஒரு துடிப்பே தரும். ஒரே காயிலிலிருந்து ஒயர் எடுத்தால் இப்பாதிக் கணக்கு நேரும். அவ்வாறே ஆறு சிலிண்டருக்கு உரிய மீட்டரை நான்கு சிலிண்டர் வண்டியிற் பூட்டினால், அது சுற்றுக்கு மூன்று துடிப்பை எதிர்பார்த்து இரண்டே பெறுவதால், 3000க்கு 2000 என்று காட்டும். ஆகவே மாறாத விகிதத்திற் பிழைப்பது கணக்கின் குற்றம். நினைத்தபோது பிழைப்பது இணைப்பின் குற்றம். இவ்வொரு விதியை நினைவிற் கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

நான்காவது கேள்வி: முள் நடுங்கி மேலே தாவுகின்றதா? தாவுமாயின் மெய்யான துடிப்புகளோடு பொய்த் துடிப்புகளும் எண்ணப்படுகின்றன. உயர்மின் ஒயர் கசிதல், ரெசிஸ்டர் உள்ள பிளக்குக்குப் பதிலாக அஃது இல்லாத ஸ்பார்க் பிளக்கை இடுதல், சமிக்ஞை ஒயரைக் காயிலின் தடித்த ஒயரோடு சேர்த்துக் கட்டுதல் ஆகியன இதற்குக் காரணமாகும்.

நம் வட்டாரத்துக்கு உரிய காரணங்களையும் ஈண்டுச் சொல்லவேண்டும். எண்ணூர் முதல் பழவேற்காடு வரையுள்ள கடலோரத்தின் உப்புக் காற்று செப்பு முனைகளிற் பச்சைக் களிம்பை ஏற்றும். ஐப்பசி கார்த்திகை மழையில் தெருவில் தேங்கிய நீர் வண்டியின் அடியிலுள்ள எர்த்துப் போல்ட்டுகளைத் துருப்பிடிக்கச் செய்யும். நிறுத்திவைத்த வண்டிகளில் எலிகள் புகுந்து ஒயர்களைக் கடிப்பதும் யாவரும் அறிந்ததே.

சோதிக்கும் ஒழுங்கு

மலிவானதும் எளியதும் முதலில். விலையுயர்ந்ததும் அரியதும் கடைசியில். இதுவே சோதனையின் தலையாய ஒழுங்கு.

ஓ.பி.டி. ஸ்கேனர் பொருத்தக்கூடிய வண்டியாயின், ஈ.சி.எம். எத்தனை சுழற்சி என்று கருதுகிறது என்பதை முதலிற் படிக்க. அப்பெட்டி சுழற்சி எண்ணை இரு பகுதியாக அனுப்பும். முதற்பகுதியை 256ஆற் பெருக்கி, இரண்டாம் பகுதியைக் கூட்டி, வந்ததை நான்கால் வகுக்க. முதற்பகுதி 11, இரண்டாவது 184 என்க. 2816உம் 184உம் கூடி 3000. நான்கால் வகுத்தால் 750. ஸ்கேனர் 750 என்று சொல்ல, முள் மட்டும் வேறு சொல்லுமாயின், சென்சாரும் ஈ.சி.எம்.மின் எண்ணும் சரி. பிழை அதற்குப் பின்னர் உள்ள பாதையிலே என்று துணியலாம். ஒரே அளவையில் பாதையின் முற்பாதி குற்றமற்றதாயிற்று.

அடுத்து எர்த்தைச் சோதிக்க. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மற்றதை மீட்டரின் எர்த்திலும் வைத்து, ஹெட்லைட்டையும் மின்விசிறியையும் போட்டு அளக்க. அங்கே பத்திலொரு பங்கு வோல்ட்டே காணவேண்டும். ஒரு வோல்ட்டை எட்டுமாயின் எர்த்துக் கெட்டது. ஒயரைக் கழற்றிவிட்டு ஓமில் அளப்பது இங்கே ஏமாற்றும். ஏனெனில், பல இழைகள் அறுந்து ஒரே இழை எஞ்சியிருப்பினும் ஓம்மீட்டர் நன்று என்றே கூறும்; மின்சாரம் ஓடும்போதுதான் குறை வெளிப்படும்.

பின்னர்ப் பாதையின் நடுவே சோதிக்க. மீட்டர் போர்டின் பின்னுள்ள கப்ளரில் சமிக்ஞை ஒழுங்காக வந்து, மின்சாரமும் எர்த்தும் சரியாக இருந்தும் முள் தவறுமாயின் குற்றம் மீட்டரில்; சமிக்ஞையே வரவில்லையாயின் ஈ.சி.எம். நோக்கிப் பின்செல்க. இவ்வாறு பாதையைப் பாதி பாதியாக வெட்டிச் செல்வோருக்குப் பத்து இணைப்புகள் உள்ள பாதையும் நான்கு சோதனையில் முடியும். ஹெர்ட்ஸ் அளக்கும் வசதியுள்ள மல்டிமீட்டராயின் 750 சுற்றில் 25 என்று காட்டும். ஆசிலாஸ்கோப் கிடைப்பின் துடிப்பின் வடிவத்தையே காணலாம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பல ஈ.சி.எம்.கள் துடிப்பைத் தாமே உயர்த்துவதில்லை. ஒயரை எர்த்துக்கு இழுத்துவிட மட்டும் செய்யும். ஒயரை மேலே தூக்கி நிறுத்தும் வோல்ட் மீட்டரிலிருந்தே வரும். அத்தகைய வண்டியில் மீட்டர்க் கப்ளரைக் கழற்றிவிட்டு ஈ.சி.எம். முனையை அளந்தால் ஒன்றும் தோன்றாது. அது கண்டு, விலைமிக்க அப்பெட்டி செத்தது என்று முடிவு கட்டுதல் கூடாது. கழற்றாமலே அளக்க வேண்டும்.

காயிலின் எதிர்முனையை அளப்போர், முன் சொன்ன உயர்ந்த வோல்ட்டைத் தாங்கும் கருவியையே கொள்க. ஒயரின் தோலை ஊசியாற் குத்தி அளப்பதும் தகாது. இன்று குத்திய துளையில் நாளை உப்பீரம் புகும்.

ஓர் எடுத்துக்காட்டு

பழைய லான்சர் கார் ஒன்றைப் பேணி, அதிற் கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்குச் சென்றுவரும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். மழைக்காலம் தொடங்கியதும் சுழற்சிமானி சில சமயம் விழுகின்றது, சில சமயம் தாவுகின்றது. அக்கார் புதிதாக இப்போது விற்பனையில் இல்லை. பாகம் கிடைப்பதும் எளிதன்று. சென்னைப் புதுப்பேட்டையிற் பழைய மீட்டர் போர்டு ஒன்று வாங்கி மாற்றிவிடலாம் என்று ஒருவர் யோசனை கூறுகின்றார். மாற்றினால் என்ன நேரும்? பணம் செலவாகும். அதனினும் பெரிது, மீட்டர் போர்டோடு அவ்வண்டி ஓடிய கிலோமீட்டர்க் கணக்கும் போய், வேறு வண்டியின் கணக்கு வந்து அமரும். பின்னர் அவ்வண்டியை வாங்குவோர் பொய்யான கணக்கை மெய்யென நம்புவர். ஒரு முள்ளின் பொய்யைத் தீர்க்கப் புகுந்து வேறொரு பொய்யைப் பூட்டியதாகும்.

நம் ஒழுங்கின்படி செல்வோம். என்ஜின் சீராக ஓடுகின்றது. ஆதலின் பிறப்பிடத்தில் ஐயமில்லை. முள்ளின் பிழை மாறாத விகிதத்தது அன்று, ஆதலின் கணக்கின் குற்றமில்லை, இணைப்பே ஐயத்துக்குரியது. ஹெட்லைட்டைப் போட்டவுடன் முள் துள்ளுகின்றது. எரிபொருள் முள்ளும் வெப்ப முள்ளும் உடன் சிறிது அசைகின்றன. மூன்றுக்கும் பொதுவானது எர்த்து. அளந்தால் ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டுகின்றது. எர்த்து ஒயரைப் பற்றிக்கொண்டே சென்று, துருவேறிய போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக முடுக்கி, மேலே சிறிது வாஸலின் தடவினால் முள் நிலைபெறும். செலவு ஒரு துண்டு உப்புத்தாள். மாற்றிய மீட்டர் போர்டோ அதே துருப்பிடித்த எர்த்தில் அமர்ந்து அதே பொய்யைச் சொல்லியிருக்கும்.

கல்லூரியிற் செய்யத்தக்க ஒரு சோதனை

எக்கருவி மெய் கூறுகிறது என்று ஐயுறும்போது, அவற்றோடு உறவில்லாத மூன்றாவது சாட்சி வேண்டும். அச்சாட்சி பழைய சோக்குப் பூட்டிய ட்யூப் லைட்டில் இருக்கின்றது. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சியுடையது. ஆதலின் அவ்விளக்கு விநாடிக்கு 100 முறை ஒளிர்ந்து மங்கும். இருண்ட கொட்டகையில் அவ்வொளி ஒன்றே விழுமாறு செய்து, கிராங்க் புல்லியின் விளிம்பில் வெள்ளைக் கோடு ஒன்று இட்டு என்ஜினை ஓட்டுக. நிமிஷத்துக்கு 1500 சுற்று, அதாவது விநாடிக்கு 25 சுற்று ஓடும்போது, ஒரு சுற்றுக்குள் நான்கு ஒளிர்வுகள் விழுவதால், நான்கு கோடுகள் அசையாது நிற்பது போலத் தோன்றும். 3000இல் இரண்டு தோன்றும். கோடுகள் நின்ற கணத்தில் முள்ளைப் படித்தால் அதன் மெய்யும் பொய்யும் விளங்கும். மின்நிலையத்தின் சுழற்சி சற்றே ஏறி இறங்குமாயினும், வண்டி முள்ளைச் சோதிக்க இத்துணைச் செம்மை போதும். எலெக்ட்ரானிக் சோக்கும் எல்.ஈ.டி. விளக்கும் இச்சோதனைக்கு உதவா.

மாணவர்கள் ஒன்றை மறவாதிருக்க: அவ்வொளியில் நின்றதுபோற் காணும் புல்லி உண்மையில் நின்றதன்று. கையையோ தளர்ந்த உடையையோ அதன் அருகே கொண்டுசெல்லுதல் கூடாது. தக்க ஆசிரியர் உடனிருக்கவே இதனைச் செய்க.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், முள் என்பது என்ஜின் அன்று, என்ஜினைப் பற்றிய ஒரு சாட்சியே என்பது விளங்கும். சாட்சி பிறழும்போது அதனைத் தண்டிப்பதற்கு முன், செய்தி அதனிடம் எவ்வழியாக வந்தது என்று கேட்டறிவது நீதி. பிற சாட்சிகளோடு ஒப்பிடுதல், பிழையின் ஒழுங்கை நோக்குதல், பாதையை நடுவிற் பிளந்து சோதித்தல், எளியதை முதலிற் பார்த்தல் ஆகிய இந்நான்கும் சுழற்சிமானிக்கு மட்டும் உரியன அல்ல. ஆலையின் வெப்பமானிக்கும் ஆய்வுக்கூடத்து அளவைகளுக்கும் ஒருங்கே பொருந்துவன. நம் கல்லூரியிலிருந்து திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி முதலிய இடங்களின் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் இளைஞர்கள், கையிற் ஸ்பானரை எடுப்பதற்கு முன் மனத்தில் இக்கேள்விகளை எடுப்பாராயின், அவர்களிடம் வண்டியை ஒப்படைக்கும் எளிய மக்களின் பொருள் காக்கப்படும். சாலையிற் செல்வோர் உயிரும் காக்கப்படும்.